அந்தச் சட்டையை யார் வாங்கியது? முதல் குறும்படத்துக்குக் காஸ்ட்யூம் செய்பவருக்கு

நண்பர் ஒருவர் குறும்படம் எடுக்கிறார், காஸ்ட்யூம் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயக்குநர் செல்போனில் நாலு படம் காட்டி "இந்த ஃபீல் வேணும்" என்பார். பணம் போடுகிறவர் "அவங்கவங்க வீட்டுத் துணியையே போட்டுக்கலாமே" என்பார். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே வேலை பாதி நடந்த பிறகு பேச வேண்டியவை.

முதலில் கேட்க வேண்டியது, இந்தத் துணி இந்த ஆளிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பது. யார் வாங்கியது, எந்தக் காசில், எத்தனை வருஷத்துக்கு முன்னால்? யார் துவைக்கிறார்கள்? இன்று காலையில் ஏன் இதை எடுத்து உடுத்தினார்? ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டால் நிறம், துணி வகை, கசங்கல், கறை எல்லாம் ஒரு வரிசைக்கு வந்துவிடும். பதில் இல்லாமல் கடைக்குப் போகிறவர்கள் நல்ல துணியாகப் பார்த்து வாங்கி வருவார்கள். அது நடிகருக்குப் பொருந்தும், பாத்திரத்துக்குப் பொருந்தாது.

பேச வசதியாக ஒரு கதையைக் கையில் வைத்துக்கொள்ளலாம். செல்வி, 42 வயது, ஈரோடு பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கட்டட வேலையில் சித்தாள். கணவர் கொத்தனார், இறந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரப் போகிறாள். கட்டணத்துக்காகச் செல்வி மேஸ்திரியிடம் முன்பணம் கேட்கிறார், அவர் இழுத்தடிக்கிறார், மழையில் ஒரு தகராறு, கடைசியில் அம்மாவும் மகளும் கல்லூரிக்குப் போகிறார்கள். நடுவில் கணவர் உயிரோடு இருந்தபோது நடந்த ஒரு தீபாவளிக் காலை. 15 நிமிடப் படம், அவ்வளவுதான்.

1. ஸ்கிரிப்டைத் துணிக் கணக்காகப் பிரியுங்கள்

முதல் தடவை கதைக்காகப் படியுங்கள், பென்சிலே எடுக்க வேண்டாம். இரண்டாவது தடவை படிக்கும்போது ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் அது கதையில் எந்த நாள் என்று குறியுங்கள். படப்பிடிப்பு நாள் வேறு, கதை நாள் வேறு. செல்வி கதையில் 12 காட்சி இருந்தாலும் கதை நாள் நாலுதான், தீபாவளிக் காலையைச் சேர்த்தால் ஐந்து. ஒரே கதை நாளுக்குள் வரும் காட்சிகளில் காரணம் இல்லாமல் உடை மாறக் கூடாது. நாள் மாறினால், மாறாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் வேண்டும். அவரிடம் வேலைக்கு உடுத்த மூன்று சேலைதான் இருக்கிறது என்பது நல்ல காரணம்.

மூன்றாவது தடவை, துணிக்கு ஏதாவது நேர்கிற இடங்களைத் தேடுங்கள். நனைகிறதா, கிழிகிறதா, ரத்தம் படுகிறதா, யாராவது பிடித்து இழுக்கிறார்களா, பையிலிருந்து எதையாவது எடுக்கிறார்களா? "செல்வி முந்தானையில் முடிந்து வைத்திருந்த ரூபாயை எடுக்கிறாள்" என்று ஒரு வரி இருந்தால், வழுக்குகிற சிந்தெடிக் சேலையில் அந்த முடிச்சு நிற்குமா என்பது உங்கள் பிரச்சினை, இயக்குநருடையது அல்ல.

இதையெல்லாம் ஒரு அட்டவணையில் போடுங்கள்: காட்சி எண், கதை நாள், இடம், பாத்திரம், மேலே என்ன, கீழே என்ன, காலில் என்ன, கழுத்து, காது, கை, நெற்றி, துணியின் நிலைமை, எத்தனை செட். இந்தக் கடைசிக் கட்டத்தைப் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். மழையில் தகராறு என்றால் ஒரு டேக் முடிந்ததும் உடை நனைந்துவிடும். அடுத்த டேக் உலர்ந்த உடையில் தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று செட் இருந்தால்தான் ஒன்று உடம்பில், ஒன்று கையில், ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். டூப் போடுவதாக இருந்தால் அவர் அளவில் இன்னொன்று.

2. போய்ப் பாருங்கள்

இணையத்தில் தேடினால் எல்லோரும் தேடி எடுத்த அதே படங்கள்தான் வரும். பக்கத்தில் நடக்கிற கட்டட வேலைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் நில்லுங்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள்.

முதலில் கண்ணில் படுவது சேலைக்கு மேல் போட்ட ஆண்கள் சட்டை. வெயில், சிமெண்ட், மற்றவர்கள் பார்வை மூன்றையும் அது தடுக்கிறது. தமிழ்நாட்டில் வயல் வேலை, நூறு நாள் வேலை, சாலை வேலை என்று எங்கே போனாலும் இதைப் பார்க்கலாம். "அக்கா, இது யாரோட சட்டை?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் போட்டுக் கழித்தது, மகனுடைய பழைய பள்ளிச் சட்டை, தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தது, சந்தையில் தனக்கென்றே வாங்கியது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருக்கும். ஒவ்வொரு பதிலும் வேறு வேறு குடும்பம்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். தலையில் சும்மாடு எந்தத் துணியில் சுற்றியிருக்கிறது? சேலையை எவ்வளவு தூக்கிச் செருகியிருக்கிறார்கள்? அழுக்கு எங்கே தங்குகிறது? பாண்டுச் சட்டியைத் தூக்குகிறவருக்குத் தோளிலும் கழுத்துக்குப் பின்னாலும் கலவை வழிந்திருக்கும், கலவை அள்ளிப் போடுகிறவருக்கு முழங்காலுக்குக் கீழே. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மார்பில் கறை பூசினால் வேலை செய்தவர்கள் உடனே சிரித்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் அவர்கள் சட்டையைக் கழற்றி உதறி மடித்து வயர் கூடையில் வைக்கிறார்களா, போட்டபடியே பஸ் ஏறுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். அதிலேயே உங்களுக்கு ஒரு காட்சி கிடைக்கலாம்.

3. உடையின் பயணத்தை எழுதுங்கள்

செல்வி போட்டிருப்பது இறந்துபோன கணவரின் முழுக்கைச் சட்டை என்று முடிவு செய்தால், அந்த நிமிடமே கதைக்குள் ஒரு ஆள் கூடிவிடுகிறார். தோள்பட்டை கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருப்பார். பையின் ஓரத்தில் கொத்தனார் பென்சில் குத்திக் குத்தி வந்த கறுப்புக் கோடு. இதைப் பற்றி வசனமே வேண்டாம். தீபாவளிக் காட்சியில் அதே சட்டையைக் கணவர் புதுசாக, பாக்கெட் மடிப்புத் தெரிய, காலரில் மஞ்சள் தடவிப் போட்டிருந்தால் போதும். பார்ப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். இதன் நடைமுறை அர்த்தம்: ஒரே சட்டையை நாலு வாங்க வேண்டும். ஒன்று புதுசாகவே கணவருக்கு, மூன்று பழசாக்கிச் செல்விக்கு. ஒன்று மட்டும் வாங்கி வந்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனால் அந்த டிசைன் கடையில் இருக்காது.

அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது. இரண்டாம் நாள் முன்பணம் கேட்க மேஸ்திரி வீட்டுக்குப் போகும்போது சட்டையோடு போகிறாரா, கழற்றிவிட்டுப் போகிறாரா? சட்டையோடு போனால், வேலை செய்கிற ஆள் தன் கூலியிலிருந்து முன்கூட்டிக் கேட்கிறார். நல்ல சேலை கட்டிக்கொண்டு போனால், கூட வேலை பார்த்தவனின் மனைவி உதவி கேட்கிறார். வசனம் ஒன்றாகவே இருந்தாலும் காட்சி இரண்டு. மேஸ்திரி "உள்ள வாம்மா" என்பாரா, வாசலிலேயே நிறுத்திப் பேசுவாரா என்பது வரை மாறும். இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இயக்குநரிடம் இரண்டையும் சொல்லுங்கள். பல இயக்குநர்கள் இந்த இடத்தில்தான் காஸ்ட்யூம் ஆளைக் கதைப் பேச்சுக்குள் சேர்த்துக்கொள்வார்கள்.

மேஸ்திரிக்கு வருவோம். வெள்ளைச் சட்டை, வேட்டி என்று யோசிக்காமல் எழுதிவிடுவோம். வேட்டிக்கு என்ன கரை? தமிழ்நாட்டில் கட்சிக் கொடி நிறத்தில் அகலமான கரை என்றால் கட்சி. அதைக் கட்டிவிட்டால் அவர் வெறும் மேஸ்திரி அல்ல, வட்டச் செயலாளருக்குத் தெரிந்தவர். செல்வியின் கோபம் ஒரு ஆள் மேல் இல்லாமல் ஒரு அமைப்பின் மேல் போய் விழும். கதைக்கு அது தேவையா? தேவையில்லை என்றால் மெல்லிய சாதாரணக் கரை. வீட்டில் இருக்கும்போது கட்டம் போட்ட கைலியும் துண்டும் போதும். ஒன்று சொல்ல வேண்டும்: கைலியை மடித்துக் கட்டினால் ரவுடி, கறுப்பாக இருந்தால் அடியாள் என்று நம் படங்கள் ஒரு சோம்பேறி அகராதியை வைத்திருக்கின்றன. இந்த ஊரில் கைலி கட்டாத வீடு எது? அந்த அகராதியைப் புரட்டாமல் வேலை செய்யப் பழகுங்கள்.

நாலாம் நாள், கல்லூரி. செல்வியிடம் நல்ல சேலை ஒன்று இருக்கிறது, ஏதோ ஒரு கல்யாணத்துக்கு எடுத்தது. அதற்கான ஜாக்கெட் இப்போது கையில் இறுக்குகிறது, ஓரத் தையலைப் பிரித்துவிட்ட பழைய ஊசிக்கோடு தெரிகிறது. அந்தச் சேலை எத்தனை வருஷமாகப் பெட்டியில் கிடந்தது என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும். மகளுக்குச் சந்தையில் எடுத்த புதுச் சுடிதார். அதை அயர்ன் செய்யாதீர்கள். பாக்கெட்டில் இருந்த மடிப்புக் கட்டம் துணியில் அப்படியே இருக்கட்டும். இங்கே யாராவது, "மகள் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதல் நாள் கல்லூரிக்குப் போகிற பதினேழு வயதுப் பெண் அதைச் செய்வாளா? அவளுக்கு எப்படியாவது மற்றவர்களைப் போல இருக்க வேண்டும். பாத்திரத்தின் ஆசை ஒரு பக்கம், படத்தின் ஆசை ஒரு பக்கம் என்று வரும்போது பாத்திரத்தின் பக்கம் நில்லுங்கள்.

தாலி, மெட்டி, பொட்டு விஷயத்தை நடிகையோடும் இயக்குநரோடும் உட்கார்ந்து பேசுங்கள். கணவர் இறந்த பிறகு யார் எதை விடுகிறார்கள், எதை வைத்துக்கொள்கிறார்கள் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. மகள் வற்புறுத்தி ஒட்டிவிட்ட சின்ன ஸ்டிக்கர் பொட்டு என்று வைத்தால் அதுவே அவர்களுக்கு நடுவில் ஒரு கதை. மெட்டியைக் கழற்றிய விரலில் வெளிறிய வளையம் இருக்கும். அதை மேக்கப்காரரிடம் சொல்லி வையுங்கள், காலுக்கு க்ளோஸப் வைத்தாலும் வைப்பார்கள்.

உடையே ஒரு வாழ்க்கையின் வரைபடமாக இருப்பதற்கு நிஜத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. 1893-ல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் முதல் வகுப்பிலிருந்து இறக்கிவிடப்பட்ட காந்தி கோட்டு சூட்டு அணிந்த வழக்கறிஞர். 1915-ல் இந்தியா திரும்பியபோது கத்தியவாரி உடையும் தலைப்பாகையும். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது அதையும் விட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அவர் வாழ்க்கையைச் சொன்ன 1982-ம் ஆண்டு ஆங்கிலப் படமான 'காந்தி'க்கு ஜான் மோலோவோடு சேர்ந்து உடை அமைத்தவர் பானு அத்தையா. 1983-ல் அதற்காக ஆஸ்கர் வாங்கினார், அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். படத்தைப் பார்க்கும்போது வசனத்தை அணைத்துவிட்டு உடையை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒரு மனிதர் எதை எதைக் கழற்றிப் போட்டுக்கொண்டே போகிறார் என்று தெரியும். நம் செல்விக்கும் அளவில் சின்னதாக இப்படி ஒரு கோடு வேண்டும்.

4. நிறம்: தனியாக முடிவு செய்யாதீர்கள்

கேமராமேனையும் ஆர்ட் டைரக்டரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துத் துணிகளைப் பரப்புங்கள். செல்வி வீட்டுச் சுவர் நீலச் சுண்ணாம்பு அடித்தது என்றால் நீலச் சேலை சுவரில் கரைந்துவிடும். கரைய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் சரி. இல்லையென்றால் வேறு நிறம் எடுக்க வேண்டும். கட்டடம் முழுக்கச் சாம்பல், செங்கல். அந்த இடத்தில் கணவரின் சட்டை என்ன நிறத்தில் இருந்தால் கூட்டத்தில் செல்வியைக் கண் தேடிப் பிடிக்கும்? வெளுத்த மஞ்சள், வெளுத்த பச்சை இரண்டுக்கும் துண்டு வெட்டி, நிஜ இடத்தில், நிஜ வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். டியூப் லைட் கடையில் பார்த்த நிறம் பகல் வெயிலில் வேறு ஆள்.

கேமராவுக்கு ஆகாதவை சில இருக்கின்றன. பொடிக் கட்டமும் நெருக்கமான மெல்லிய கோடும் டிஜிட்டலில் நெளியும். பளிச்சென்ற வெள்ளை வெயிலில் வெடித்து மடிப்புகளை விழுங்கும். அதனால்தான் வெள்ளைச் சட்டையை லேசாக டீத் தண்ணீரில் முக்கி எடுப்பது பழைய வழக்கம். கன்னங்கரேல் இருட்டில் ஓட்டையாகத் தெரியும். அடர் சிவப்பு ஒரே பட்டையாகிவிடும். பின்னால் கிராஃபிக்ஸுக்காகப் பச்சைத் திரை வைக்கப் போகிறார்கள் என்றால் பச்சைத் துணி கூடாது. படமெடுக்கப் போகிற அதே கேமராவில் இரண்டு நிமிடம் எடுத்துப் பார்ப்பதுதான் ஒரே நிச்சயமான வழி.

நேரடி ஒலிப்பதிவு என்றால் சவுண்ட் ஆளையும் கூப்பிடுங்கள். டப்பிங் காலத்தில் இது கவலையே இல்லை. இப்போது சட்டைக்குள் காலர் மைக் ஒட்டுகிறார்கள். கஞ்சி போட்ட பருத்தியும் மொடமொடக்கும் பாலியஸ்டரும் மைக்கில் உரசி வசனத்தைக் கெடுக்கும். கண்ணாடி வளையல் கூட வசனம் பேசும். குளோஸப்பில் இல்லாத நேரம் கழற்றிவிடலாம், அல்லது வளையல்களுக்கு நடுவே நிறமில்லாத டேப் ஒட்டலாம்.

5. துணியைத் தேடிப் பிடிப்பது

பட்ஜெட் குறைவு என்றால் சந்தோஷப்படுங்கள், பழைய துணி தேடும் கட்டாயம் வரும். செல்விக்கு மிகச் சிறந்த சேலை கடையில் இல்லை, அதே ஊரில் அதே வேலைக்குப் போகிற யாரோ ஒருவரின் கொடியில் காய்கிறது. புதுச் சேலை ஒன்று எடுத்துக் கொடுத்து அந்தப் பழசைக் கேளுங்கள், பெரும்பாலும் ஆச்சரியப்பட்டுச் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரிகளிடம் மூட்டை மூட்டையாக இருக்கும். வாங்கியதும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்த பிறகே நடிகரிடம் கொடுங்கள். அது மரியாதையும் கூட.

ஒரே மாதிரி நாலு சட்டை வேண்டும் என்றால் மொத்தக் கடைதான். ஈரோடு ஜவுளிச் சந்தை, பனியன் துணிக்குத் திருப்பூர் காதர்பேட்டை, சென்னையில் வண்ணாரப்பேட்டை. ராஜா, போலீஸ், வக்கீல் மாதிரி உடைகளுக்கு வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் வாடகைக் கடைகள் உண்டு. வாடகைத் துணியை வெட்டவோ கறையாக்கவோ கூடாது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சீருடை வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். போலீஸில் உதவி ஆய்வாளருக்குத் தோளில் இரண்டு நட்சத்திரம், ஆய்வாளருக்கு மூன்று, இருவருக்கும் சிவப்பு நீல ரிப்பன். மூன்று நட்சத்திரம் இருந்து ரிப்பன் இல்லை என்றால் அவர் டி.எஸ்.பி. இதைத் தப்பாக வைத்தால் படம் பார்க்கிற ஒவ்வொரு காவலர் வீட்டிலும் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அந்த உடையோடு நடிகரை டீக்கடைக்கு அனுப்பவும் வேண்டாம், மேலே ஒரு சட்டையைப் போட்டு அனுப்புங்கள். அரசுப் பள்ளிச் சீருடையின் நிறம் ஒரு தடவைக்கு மேல் மாறியிருக்கிறது. கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று பார்த்து, அந்த ஆண்டின் வகுப்புப் படம் ஒன்றைத் தேடி எடுங்கள்.

6. பழசாக்குவது

கிராமத்து ஏழைப் பெண் என்று சொல்லிவிட்டு அயர்ன் மடிப்புக் கலையாத புதுப் பருத்திச் சேலையில் நாற்று நட விடுகிறார்கள். எனக்கு அந்த நிமிடமே படத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். பழசாக்கும் வேலைக்கு நேரம் வேண்டும், பணம் அல்ல. ஷூட்டிங்குக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் கஞ்சி போகும் வரை திரும்பத் திரும்பத் துவைத்து, கல்லில் அடித்து, முறுக்கியபடியே வெயிலில் போடுங்கள். இது ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். அடுத்து உப்புத்தாள். நிஜத்தில் எங்கே தேயுமோ அங்கே மட்டும் தேய்க்க வேண்டும்: காலர் மடிப்பு, கைப்பட்டியின் ஓரம், பையின் வாய், முழங்கை, பட்டன் பட்டி. முதுகின் நடுவே தேய்த்து வைத்தால் யாரோ உட்கார்ந்து தேய்த்தது என்று தெரிந்துவிடும். ஒரு பட்டனை எடுத்துவிட்டுக் கொஞ்சம் வேறு மாதிரி பட்டன், வேறு நிற நூலில் தையுங்கள். செல்விதான் தைத்திருப்பார், அவரிடம் இருந்த நூலில்.

மஞ்சளித்த பழுப்புக்கு டீ டிக்காஷன். பருத்தி நன்றாகப் பிடிக்கும், பாலியஸ்டர் பிடிக்காது. வெளுக்க வைக்க பிளீச்சிங் பவுடரை நிறையத் தண்ணீரில் கரைத்து, கையுறை போட்டு, திறந்தவெளியில், பருத்தியில் மட்டும். பட்டில் படவே கூடாது. வினிகர், டாய்லெட் கிளீனர் மாதிரி அமிலம் உள்ள எதோடும் அதைக் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். தோளின் மேல்புறம் வெயிலில் வெளுத்திருக்கும், அக்குளும் காலரின் உள்பக்கமும் பழைய நிறத்தில் இருக்கும். இந்த வித்தியாசம் வந்துவிட்டால் சட்டை உயிர் பெற்றுவிடும்.

சிமெண்ட் கறைக்கு நிஜ சிமெண்ட் வேண்டாம். நாள் முழுக்க நனைந்த சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். முல்தானி மட்டியில் சலித்த சாம்பல் கலந்து, தண்ணீர் விட்டுக் குழைத்துத் தெளியுங்கள், காய்ந்தால் அசல் போலவே வெடிக்கும். வியர்வைக்குத் தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின், ஸ்பிரே பாட்டிலில். செருப்பை மறக்காதீர்கள். ரப்பர் செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருக்கும்.

7. ஃபிட்டிங்

நடிகை வந்து கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போவது ஃபிட்டிங் அல்ல. காட்சியில் என்ன செய்யப் போகிறாரோ அதையெல்லாம் செய்யச் சொல்லுங்கள்: குத்த வைத்து உட்காரட்டும், தலைக்கு மேல் கையைத் தூக்கட்டும், பாண்டுச் சட்டியை வாங்கட்டும், பஸ் படி ஏறட்டும். முடிந்தால் வேலை சேலையையும் சட்டையையும் செருப்பையும் அவரிடமே கொடுத்து ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பழகச் சொல்லுங்கள். கையை மடித்துவிடுவது, முந்தானையைச் செருகுவது எல்லாம் அவர் உடம்பின் பழக்கமாகிவிடும். நகரத்தில் வளர்ந்த நடிகைக்குச் சேலையைத் தூக்கிச் செருகத் தெரியாது என்பது இங்கேதான் தெரியவரும். தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லித் தரச் சொல்லுங்கள்.

"இது எனக்கு நல்லா இல்லையே" என்று நடிகர்கள் சொல்வார்கள். கோபப்பட வேண்டாம். துணி குத்துகிறதா, அளவு தப்பா, இல்லை அழகாகத் தெரியவில்லை என்பதா என்று பிரித்துக் கேளுங்கள். முதல் இரண்டையும் உடனே சரி செய்யுங்கள். மூன்றாவதுக்குப் பதில் பாத்திரத்தின் கதைதான். "இந்தச் சட்டை உங்க வீட்டுக்காரரோடது மேடம், அவர் கடைசி தீபாவளிக்கு எடுத்தது" என்று சொல்லிப் பாருங்கள். பல பேர் அதற்கப்புறம் கழற்றவே மாட்டார்கள்.

8. ஷூட்டிங் நாளில்

அனுமதி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்பதால் கல்லூரிக் காட்சியை முதலில் எடுப்பார்கள். மழைத் தகராறை இரண்டாவது, தகராறுக்கு முந்தைய காட்சியைக் கடைசியில். ஆகவே ஒவ்வொரு கதை நாளுக்கும் தனிப்பை, பைக்கு வெளியே சீட்டு: பாத்திரம், கதை நாள், காட்சி எண்கள், உள்ளே என்னென்ன. ஊக்கு வரைக்கும் அந்தப் பையிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு காட்சியும் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் கிளாப் போர்டோடு சேர்த்து முன், பின், இரண்டு பக்கம், கை, கால் போட்டோ எடுங்கள். எந்தக் கை எத்தனை மடிப்பு, எத்தனை பட்டன் திறந்திருக்கிறது, முந்தானை எந்தப் பக்கம் செருகியிருக்கிறது, ஈரம் எது வரை என்று நோட்டில் எழுதுங்கள். போட்டோவில் தெரியாதது நோட்டில் இருக்கும். உதவி இயக்குநர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள், அவருக்கு நூறு வேலை.

கையில் ஒரு பை எப்போதும்: கறுப்பு, வெள்ளி ஊக்குகள், ஊசி நூல், இருபக்க டேப், கத்தரிக்கோல், அயர்ன் பாக்ஸ், பவுடர், துண்டு, ஸ்பிரே பாட்டில், முல்தானி மட்டி, மாற்றுச் செருப்பு. வியர்க்கிற நடிகருக்கு அக்குளில் வைக்க பேட். மழைக் காட்சி முடிந்ததும் போர்த்த ஒரு கனமான போர்வை, சூடாக ஏதாவது குடிக்க. அதையும் காஸ்ட்யூம் ஆள்தான் பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் நிற்க வருகிறவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: பளிச்சென்ற சிவப்பு வேண்டாம், எழுத்துப் போட்ட டி-ஷர்ட் வேண்டாம், மாற்றுக்கு ஒரு சட்டை கொண்டு வாருங்கள். சொன்னாலும் ஒருவர் ஆரஞ்சு நிறத்தில் வந்து நிற்பார். அவருக்காக நாலு வெளுத்த சட்டை உங்கள் பையில் இருக்கட்டும். மானிட்டர் பக்கம் நின்று ஒவ்வொரு டேக்கையும் பாருங்கள். ஊக்கு மினுங்குகிறது, உள்பாவாடை தெரிகிறது என்பதை டேக் முடிந்ததும் மெதுவாக உதவி இயக்குநரிடம் சொல்லுங்கள். நடிகையிடம் சொல்ல வேண்டியது என்றால் பக்கத்தில் போய்க் காதோடு சொல்லுங்கள், மைக்கில் அல்ல.

படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்ததும் எல்லோரும் வண்டியேறுவார்கள். துணிகளைத் துவைக்காதீர்கள், வாடகைத் துணியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் எடிட்டரிடம் கேளுங்கள். விடுபட்ட ஷாட்டுகளை எடுக்க, பேட்ச் ஒர்க் என்று ஒரு நாள் கண்டிப்பாகக் கூப்பிடுவார்கள், அன்றைக்குக் கதையின் மூன்றாம் நாள் சட்டை அதே கறையோடு வேண்டும். ஈரமானவற்றைக் காயவைத்து, கறை உதிராமல் செய்தித்தாள் சுற்றி, சீட்டோடு பையில் போட்டுப் பூட்டி வையுங்கள். செருப்பையும் சேர்த்து.